செல்லுலோஸ் அசிடேட் – பாலிசல்ஃபோன் கலப்பு சவ்வு: வேலூர் வெயிலில் வார்ப்பது எப்படி, சோதிப்பது எப்படி?

ஆம்பூர் பக்கத்திலிருந்து எம்.எஸ்சி. வேதியியல் மாணவி ஒருவர் கேட்டிருந்த கேள்வி இது. செல்லுலோஸ் அசிடேட், பாலிசல்ஃபோன் என்ற இரண்டு பாலிமர்களைக் கலந்து, புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகளைத் தடுத்து நீரை விடும் அல்ட்ராஃபில்ட்ரேஷன் சவ்வு தயாரிக்கிறார். அளவுகளை மாற்றவே இல்லை. இருந்தும் பிப்ரவரியில் வார்த்ததும் மே மாதம் வார்த்ததும் ஒன்றுபோல் இல்லை, சில துண்டுகளில் தண்ணீர் சல்லடையில் ஊற்றியதுபோல் போய்விடுகிறது. எந்தெந்தச் சோதனைகளைச் செய்ய வேண்டும், கடைசியில் டேனரி (தோல் பதனிடும் ஆலை) கழிவுநீரிலுள்ள குரோமியத்தை இதில் வடிகட்ட முடியுமா என்றும் கேட்கிறார்.

நானும் வேலூரில் ஏசி இல்லாத ஒரு ஆய்வகத்தில் இதே கலப்பை வார்த்துத் திண்டாடியவன்தான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஆய்வுக் கட்டுரைகளில் உள்ள செய்முறை, குடுவைக்குள் என்ன போட வேண்டும் என்பதைத்தான் சொல்கிறது. சவ்வு உருவாவது குடுவையில் இல்லை. கரைசலைக் கண்ணாடித் தட்டில் மெல்லிய படலமாக இழுத்ததிலிருந்து, தட்டோடு தொட்டித் தண்ணீரில் இறக்கிய முதல் சில விநாடிகள் வரை என்ன நடக்கிறதோ, அதுதான் சவ்வு. அந்த நேரத்தில் அறையின் சூடு, காற்றின் ஈரம், தொட்டித் தண்ணீர் மூன்றும் உங்கள் செய்முறையில் எழுதப்படாத பொருட்களாக உள்ளே வந்துவிடுகின்றன. உங்கள் பிப்ரவரி – மே சிக்கலில் பாதி இதுதான். மறு பாதி வேறு, அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கரைசல். வழக்கமான அளவு, மொத்த பாலிமர் 17.5 சதவீதம். 100 கிராம் கரைசலில் 80க்கு 20 கலப்பு வேண்டுமென்றால் செல்லுலோஸ் அசிடேட் 14 கிராம், பாலிசல்ஃபோன் 3.5 கிராம், துளையாக்கியாக பாலி எத்திலீன் கிளைகால் 600 ஒரு 5 கிராம், மீதி 77.5 கிராம் டைமெத்தில் ஃபார்மமைடு. செல்லுலோஸ் அசிடேட் அசிட்டோனில் கரையும், பாலிசல்ஃபோன் கரையாது. இரண்டுக்கும் பொதுவாக டைமெத்தில் ஃபார்மமைடோ என்.எம்.பி. என்ற கரைப்பானோதான் சரிப்படும். பாலிசல்ஃபோன் மணிகளை முதலில் கரைத்துவிட்டு, செல்லுலோஸ் அசிடேட் பொடியை உப்புமாவுக்கு ரவை தூவுவதுபோல் கிளறிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டும். வெளியே ஜெல், உள்ளே உலர்ந்த பொடி என்று இருக்கும் அந்தக் கட்டி, நாள் முழுக்கக் கலக்கினாலும் கரையாது. கலக்கும்போது 40–45 டிகிரி சூடு போதும். இரண்டு பாலிமரையும் முன்கூட்டியே ஓவனில் உலர்த்திவிட வேண்டும். செல்லுலோஸ் அசிடேட் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அந்த ஈரமும் கரைசலுக்குள் போய்விடும்.

டைமெத்தில் ஃபார்மமைடு தோல் வழியாகவே உடம்புக்குள் போகும், கல்லீரலைக் கெடுக்கும். சாதாரண நைட்ரைல் கையுறையை அது சீக்கிரமே ஊடுருவிவிடும். பியூட்டைல் ரப்பர் கையுறை கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால், கையுறையில் பட்டவுடன் கழற்றிப் போட்டுவிட்டு வேறு மாட்டிக்கொள்ளுங்கள். நாங்கள் அப்போது இதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. அந்தத் தவறை நீங்கள் செய்ய வேண்டாம்.

இந்த இரண்டு பாலிமர்களும் மனமொத்த ஜோடி இல்லை. ஒன்று நீரை விரும்பும், மற்றது விலக்கும். பாலிசல்ஃபோன் பங்கை ஏற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் கரைசல் கலங்கும், அல்லது இரண்டு அடுக்காகப் பிரியும். அந்த எல்லையைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு விகிதத்திலும் ஒரு சோதனைக் குழாய் கரைசலை மூடி, இரண்டு நாள் அசைக்காமல் வைத்துவிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தெளிவாக இருப்பதை மட்டும் வார்ப்புக்கு எடுங்கள்.

சிலர் டி.எஸ்.சி. (சூடாக்கும்போது பொருள் எவ்வளவு வெப்பம் ஏற்கிறது என்று அளக்கும் சோதனை) எடுத்து, "ஒரே ஒரு கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலைதான் தெரிகிறது, ஆகவே இரண்டும் நன்றாகக் கலந்துவிட்டன" என்று எழுதிவிடுகிறார்கள். பாலிசல்ஃபோனுக்கு அது, அதாவது விறைப்பான பாலிமர் இளகத் தொடங்கும் வெப்பநிலை, 185–190 டிகிரி. செல்லுலோஸ் அசிடேட்டுக்கும் கிட்டத்தட்ட அதே இடம்தான். இரண்டு பேரும் ஒரே வீட்டு எண்ணில் குடியிருந்தால் தபால்காரருக்கு எப்படி வித்தியாசம் தெரியும்? இந்தக் கலப்புக்கு அந்த ஒற்றைப் படி எதையும் நிரூபிக்காது. வைவாவில் இதைக் கேட்க வாய்ப்பு அதிகம்.

கரைசலைக் குறைந்தது ஓர் இரவு மூடி வைத்துக் காற்றுக் குமிழ் போன பிறகு வார்க்கத் தொடங்குங்கள். "சல்லடைபோல் போகிறது" என்று நீங்கள் சொன்னது ஊசித்துளைதான். குமிழ், கரையாத ஜெல், தூசி, இந்த மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். எனக்குத் தூசி. மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. புழுக்கம் தாங்காமல் நானே போட்டது. அதை அணைத்து, கரைசலை நுண்ணிய எஃகு வலையில் வடித்த பிறகு கெட்டுப்போகும் துண்டுகள் வெகுவாகக் குறைந்தன. வார்க்கும் கத்தி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நேரான கண்ணாடித் தண்டின் இரு முனைகளிலும் செலோடேப்பை நாலைந்து சுற்று சுற்றினால் 0.2 மில்லிமீட்டர் இடைவெளி கிடைக்கும். ஸ்க்ரூ கேஜ் வைத்து அளந்துகொள்ளுங்கள். ஜன்னல் கண்ணாடி விற்கும் கடையில் வாங்கிய தட்டே போதும், விளிம்பை மட்டும் தேய்த்துத் தரச் சொல்லுங்கள்.

இனி அந்த அரை நிமிடம். "இழுத்த பிறகு 30 விநாடி கரைப்பான் ஆவியாக விடவும்" என்று செய்முறையில் இருக்கும். இது அசிட்டோன் காலத்துப் பழக்கம். 1960-ஐ ஒட்டி சிட்னி லோபும் இந்தியரான ஸ்ரீநிவாச சௌரிராஜனும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் செல்லுலோஸ் அசிடேட்டில் முதல் சமச்சீரற்ற சவ்வை (மேலே அடர்ந்த மெல்லிய தோல், கீழே துளைகள் நிறைந்த அடுக்கு) செய்தபோது, கரைப்பானில் அசிட்டோன் இருந்தது, ஆவியாவதற்கும் அர்த்தம் இருந்தது. டைமெத்தில் ஃபார்மமைடின் கொதிநிலை 153 டிகிரி. அரை நிமிடத்தில் அது வெளியே போவதைவிட, காற்றிலுள்ள ஈரம் உள்ளே வருவதுதான் முக்கியமான நிகழ்ச்சி. பாலிமர் நீரில் கரையாது, கரைப்பானுக்கோ நீர் மிகவும் பிடிக்கும். ஆக, காற்று ஈரமாக இருந்தால் தண்ணீரில் இறக்கும் முன்பே படலத்தின் மேற்பரப்பு பனி படர்ந்ததுபோல் மங்கிவிடும், துளைகள் பெரிதாகிவிடும். நவம்பர் மழையில் நான் வார்த்தவை எல்லாம் இப்படித்தான் ஆயின. நம் ஊர் மே மாதத்தில் பிரச்சினை வேறு. கரைசலே 36, 37 டிகிரியில் இருப்பதால் பாகுத்தன்மை குறைந்து படலம் மெலிந்து பரவிவிடும்.

கட்டுரைகளில் வரும் நிலைமை சுமார் 24 டிகிரி, 50 சதவீத ஈரப்பதம். உங்களிடம் அந்த அறை இல்லையென்றால் இரண்டு வழி. ஒன்று, ஒரு பெரிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் கண்ணாடித் தட்டையும் உலர்த்தும் சிலிக்கா ஜெல்லையும் வைத்து, கை நுழைய ஓட்டை போட்டு, உள்ளேயே வார்ப்பது. மற்றது, விடியற்காலை ஐந்து, ஐந்தரைக்கு வந்து வார்ப்பது. நான் இரண்டாவதைத்தான் செய்தேன், வாட்ச்மேனுக்குத்தான் பிடிக்கவில்லை. எதைச் செய்தாலும், ஒவ்வொரு வார்ப்புக்கும் அறை வெப்பநிலை, ஈரப்பதம், தொட்டி வெப்பநிலை, நேரம் நான்கையும் நோட்டில் எழுதுங்கள். ஈரப்பதமானி சில நூறு ரூபாய்தான்.

தொட்டியில் 2 சதவீதம் டைமெத்தில் ஃபார்மமைடு, 0.2 சதவீதம் சோடியம் லாரில் சல்ஃபேட், வெப்பநிலை 10 டிகிரி என்பது நடைமுறை. கரைப்பானைக் கொஞ்சம் சேர்ப்பது, கரைப்பானும் நீரும் இடம் மாறும் வேகத்தைத் தணிக்க. வேகம் அதிகமானால் உள்ளே விரல்போன்ற நீண்ட பெருந்துளைகள் வரும், குறைந்தால் பஞ்சுபோல் வரும். மே மாதம் 10 டிகிரிக்கு மீன் மார்க்கெட்டில் விற்கும் ஐஸ்தான் வழி. ஆனால் ஐஸைத் தொட்டிக்குள் போடாதீர்கள், தொட்டியைப் பெரிய டப்பில் வைத்துச் சுற்றிலும் போடுங்கள். உள்ளே போட்டால் விகிதமும் மாறும், ஐஸில் உள்ள உப்பும் சேரும். அதேபோல் தொட்டிக்கு போர்வெல் தண்ணீர் வேண்டவே வேண்டாம். நம் ஊரில் காபி போடும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் அதே கால்சியம், சோடியம் லாரில் சல்ஃபேட்டோடு சேர்ந்து திரிந்து வீழ்படியும். ஒரு வாரம் என் தொட்டி ஏன் கலங்குகிறது என்று தெரியாமல் பாலிமரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். வாலை வடிநீர் அல்லது நல்ல ஆர்.ஓ. நீர் மட்டும். தட்டைச் சாய்த்து, தயங்காமல், ஒரே வீச்சில் இறக்குங்கள். பாதியில் நிறுத்தினால் அந்த இடத்தில் கோடு விழும்.

வார்த்த சவ்வை உலர விடக் கூடாது. உலர்ந்தால் துளைகள் சுருங்கி மூடிக்கொள்ளும், திரும்ப நனைத்தாலும் பழைய நிலைக்கு வராது. கட்டுரைகளில் 0.1 சதவீத ஃபார்மலினில் போட்டு வைப்பார்கள். அதற்குப் பதில் சோடியம் மெட்டாபைசல்ஃபைட் கரைசலில் வைத்து ஃப்ரிட்ஜில் வைக்கலாம், மூக்குக்கும் உடம்புக்கும் நல்லது.

சரி, சோதனைகள். எல்லாவற்றையும் செய்யத் தேவையில்லை. இருக்கிற எல்லாக் கருவியிலும் ஒரு படம் எடுத்து ஒட்டிய ஆய்வேடுகளைவிட, நான்கு சோதனைகளைச் சுத்தமாகச் செய்த ஆய்வேடு மேல். ஃப்ளக்ஸ் (குறிப்பிட்ட பரப்பில் குறிப்பிட்ட நேரத்தில் சவ்வைக் கடக்கும் நீரின் அளவு), நீர் உள்ளடக்கம், புரதத்தைத் தடுக்கும் அளவு, ஒரு குறுக்குவெட்டுப் படம். இவை போதும்.

ஃப்ளக்ஸ்தான் அடிப்படை. புதுச் சவ்வை முதலில் 414 கிலோ பாஸ்கலில், அதாவது 60 பிஎஸ்ஐயில், மூன்று நான்கு மணி நேரம் அழுத்திப் பழக்குங்கள். ஃப்ளக்ஸ் இறங்கிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிற்கும். அதன் பிறகு 345 கிலோ பாஸ்கலில், அதாவது 50 பிஎஸ்ஐயில் அளக்க வேண்டும். பழக்கும் அழுத்தம் அளக்கும் அழுத்தத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அளக்கும்போதே சவ்வு இறுகிக்கொண்டிருக்கும். கணக்கு எளிது. 38.5 சதுர செ.மீ. பரப்புள்ள சவ்வில் 6 நிமிடத்தில் 20 மி.லி. வந்தால், 0.020 லிட்டரை 0.00385 சதுர மீட்டராலும் 0.1 மணியாலும் வகுக்க வேண்டும். சதுர மீட்டருக்கு மணிக்கு 52 லிட்டர்.

நான் ஒத்திவைத்த மறு பாதி இங்கே வருகிறது. 25 டிகிரியில் நீரின் பாகுத்தன்மை 0.89 மில்லி பாஸ்கல் விநாடி, 35 டிகிரியில் 0.72. சவ்வு துளிகூட மாறாமலே, தண்ணீர் சூடானதால் மட்டும் ஃப்ளக்ஸ் கிட்டத்தட்ட கால் பங்கு ஏறிவிடும். பிப்ரவரியில் 50, மே மாதம் 62 என்று வந்தால் பதறாதீர்கள். 62ஐ 0.72ஆல் பெருக்கி 0.89ஆல் வகுத்தால் திரும்ப 50தான். வெளியே வரும் நீரின் வெப்பநிலையை ஒவ்வொரு முறையும் அளந்து எல்லாவற்றையும் 25 டிகிரிக்குத் திருத்திக்கொள்ளுங்கள். திருத்திய பிறகும் வித்தியாசம் மிஞ்சினால், அதுதான் சவ்வின் வித்தியாசம். உங்கள் பழைய தரவுகளைத் தூக்கிப் போடுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

அழுத்தத்தை 10 பிஎஸ்ஐ படிகளாக ஏற்றி ஃப்ளக்ஸுக்குக் கோடு வரைந்தால், சாய்விலிருந்து சவ்வின் தடை கிடைக்கும். கோடு நேராக இல்லையென்றால் சவ்வு இன்னும் இறுகுகிறது, அல்லது எங்கோ கசிகிறது. நீர் உள்ளடக்கம் இன்னும் சுலபம். துண்டை வடிதாளில் ஒற்றி எடை போட்டு, 75 டிகிரியில் இரண்டு நாள் உலர்த்தி மறுபடி எடை போடுவது. ஒற்றும் கைப்பழக்கத்தில்தான் பிழை வரும், ஒரே ஆள் செய்ய வேண்டும்.

புரதங்களில் டிரிப்சின் ஏறத்தாழ 23, பெப்சின் 35, முட்டை அல்புமின் 45, மாட்டு இரத்த அல்புமின் 66 கிலோ டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு). 0.1 சதவீதக் கரைசலை பிஹெச் 7.2 பாஸ்பேட் தாங்கல் கரைசலில் தயாரித்து, 280 நானோமீட்டரில் உறிஞ்சலை அளக்கலாம். எந்தப் புரதத்தை 90 சதவீதம் தடுக்கிறதோ, அதன் மூலக்கூறு எடைதான் சவ்வின் வெட்டு எல்லை. மே மாதத்தில் புரதக் கரைசல் அன்றே கெட்டுவிடும், காலையில் கரைத்ததை மாலைக்குள் முடித்துவிடுங்கள். கலக்கும் கருவி நின்றுவிட்டால் சவ்வின் மேல் புரதம் குவிந்து எண் மாறும். பிஹெச் 4.7 பக்கம் மாட்டு அல்புமினைக் கொண்டு போகாதீர்கள், அங்கே அதன் மின்னூட்டம் பூஜ்யம், சவ்வில் அப்பிக்கொள்ளும். உள்ளே போனது, வெளியே வந்தது, வடிகட்டும் கலத்தில் மிஞ்சியது மூன்றையும் கூட்டிச் சரிபாருங்கள். குறைந்தால் மீதி சவ்வில் ஒட்டியிருக்கிறது. அதைத் "தடுத்தது" என்று எழுதுவது தவறு.

குறுக்குவெட்டுப் படத்துக்கு சவ்வைத் திரவ நைட்ரஜனில் முக்கி ஒடிக்க வேண்டும், கத்தரித்தால் துளைகள் நசுங்கிவிடும். நைட்ரஜனுக்கு எங்கே போவது என்று யோசிக்க வேண்டாம், மாடுகளுக்குச் சினை ஊசி போடும் இடங்களில் குடுவையில் வைத்திருப்பார்கள். கேட்டுப் பாருங்கள்.

ஒரே தாளில் வெட்டிய மூன்று துண்டு, மூன்று சோதனை ஆகாது. மூன்று தனித்தனி வார்ப்பிலிருந்து ஒவ்வொரு துண்டு எடுங்கள்.

இப்போது குரோமியம். உங்கள் கேள்வியில் எனக்குப் பிடித்த பகுதியும், நேராகப் பதில் சொன்னால் உங்களுக்குப் பிடிக்காத பகுதியும் இதுதான். அல்ட்ராஃபில்ட்ரேஷன் சவ்வின் துளை சில நானோமீட்டரிலிருந்து தொடங்குகிறது. நீர் சூழ்ந்த குரோமியம் அயனி ஒரு நானோமீட்டர்கூட இல்லை. குரோம் பதனிட்ட நீரை அப்படியே ஊற்றினால் பெரும்பகுதி மறுபக்கம் போய்விடும். அதனால்தான் பாலி எத்திலீன் இமைன் போன்ற பெரிய மூலக்கூறைச் சேர்த்து, அயனியை அதில் பிடிக்க வைத்து, பிறகு வடிப்பார்கள்.

இங்கேதான் ஒரு பொறி. டேனரியில் இருப்பது மூன்று மின்னூட்டமுள்ள குரோமியம். பயன்படுத்திய குரோம் நீரின் பிஹெச் 4ஐ ஒட்டி இருக்கும். இமைன் நன்றாகப் பிடிக்கட்டும் என்று பிஹெச்சை 6, 7 என்று ஏற்றினால், குரோமியம் ஹைட்ராக்சைடாக வீழ்படிய ஆரம்பித்துவிடும். சவ்வு 98 சதவீதம் தடுத்தது என்று மகிழ்ச்சியோடு எழுதுவீர்கள். உண்மையில் அது வெறும் சகதியை வடிகட்டியிருக்கும், வடிதாளே அதைச் செய்யும். ஒவ்வொரு பிஹெச்சிலும் இமைன் சேர்க்காத ஒரு கரைசலையும் ஓட்டுங்கள், 0.45 மைக்ரான் வடிகட்டியிலும் அதை விட்டுப் பாருங்கள். மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் கதை தெரிந்துவிடும். முறையைப் பழக முதலில் தாமிரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இமைனோடு சேர்ந்தால் அடர் நீலமாகிவிடும், எந்தப் பக்கம் இருக்கிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

இன்னொரு குழப்பம் அடிக்கடி வருகிறது. ராணிப்பேட்டை சிப்காட்டில் பல ஆண்டுகளாகக் குவிந்து கிடக்கும் கழிவிலிருந்து கசிவது ஆறு இணைதிறன் குரோமியம். அது எதிர்மின் குரோமேட்டாக நீரில் ஓடும், நச்சும் அதிகம். வாணியம்பாடி, ஆம்பூர் டேனரிகளின் குரோமியம் அது இல்லை. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் "குரோமியம்" என்று எழுதினால் எந்த வேதியியலும் பொருந்தாது. வெளியேற்றும் நீருக்கான வரம்பும் வேறு வேறு. மொத்த குரோமியம் லிட்டருக்கு 2 மில்லிகிராம், ஆறு இணைதிறனுக்கு 0.1.

நிஜத்தில், குரோமியத்தை மீட்க மெக்னீசியம் ஆக்சைடு போட்டு வீழ்படியவைத்து, கந்தக அமிலத்தில் கரைத்துத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். மலிவு, எளிது. அதோடு உங்கள் சவ்வைப் போட்டிக்கு விடாதீர்கள். அல்ட்ராஃபில்ட்ரேஷனுக்கு டேனரியில் உண்மையான வேலை இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, ஆர்.ஓ.வுக்கு முன்னால் கூழ்மங்களைப் பிடித்து அதன் ஆயுளைக் காப்பது. மற்றது, முடி நீக்கும் சுண்ணாம்பு – சல்ஃபைடு நீரில் புரதத்தைப் பிரித்து, சல்ஃபைடோடு கூடிய நீரை மறுபடி தொட்டிக்கே அனுப்புவது. இரண்டாவது இடத்துக்கு உங்கள் கலப்பு உதவாது. அந்த நீரின் பிஹெச் 12க்கு மேல். செல்லுலோஸ் அசிடேட் 8ஐத் தாண்டினாலே நீராற்பகுப்பாகி அசிடேட்டை இழக்கத் தொடங்கும். உங்கள் கலப்பில் ஐந்தில் நான்கு பங்கு அதுதான். பாலிசல்ஃபோனை முதன்மையாக வைத்து, நீர் விரும்பும் பங்குக்கு சல்ஃபோனேற்றிய பாலிசல்ஃபோனையோ பாலிவினைல் பிர்ரோலிடோனையோ சேர்த்தால் காரத்தைத் தாங்கும்.

ஆய்வேட்டின் தலைப்பை இப்போது மாற்ற முடியாது என்றால் ஒரு சின்னச் சோதனை சேர்த்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவைத்த நீரில் உங்கள் 80க்கு 20 துண்டு ஒன்றையும், வெறும் பாலிசல்ஃபோன் துண்டு ஒன்றையும் தனித்தனி பாட்டிலில் ஒரு வாரம் ஊறவைத்து, முன்னும் பின்னும் ஃப்ளக்ஸையும் அல்புமினைத் தடுக்கும் அளவையும் அளந்து போடுங்கள். டேனரியிலிருந்து நிஜமான சுண்ணாம்பு நீரையே கொண்டுவந்தால் ஒன்று மட்டும் கவனம்: அளக்க வசதியாக இருக்கட்டும் என்று அதில் அமிலம் விட்டுவிடாதீர்கள். சல்ஃபைடு முழுக்க ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவாக எழும்பும், மூடிய ஆய்வகத்தில் அது ஆளையே சாய்த்துவிடும்.